ராக்கி சோறு சாப்பிடலாமா?

நாய்க்கு அரிப்பு வந்தா இப்போ எல்லாரும் சொல்ற முதல் வைத்தியம், "சோத்தை நிறுத்து". பெட் ஷாப்ல சொல்றாங்க, யூடியூப்ல சொல்றாங்க, பக்கத்துத் தெருவுல ஹஸ்கி வளர்க்கிற தம்பி சொல்றான். அரிசி, கோதுமை, சோளம் எதுவும் இல்லாத 'கிரெய்ன் ஃப்ரீ' மூட்டை வாங்கிப் போட்டா தோல் தானா சரியாயிடுமாம். எங்க வீட்டுக்குள்ளயும் இந்தப் பேச்சு வந்துச்சு. வந்த பிறகு நடந்த சண்டையில அதிகமா அடிபட்டது எங்க ராக்கி இல்ல, எங்க ஆயா.

ராக்கிக்கு நாலு வயசு. பாதி லேப், மீதி காலடிப்பேட்டை. போன வருஷம் டிசம்பர் மழைக்கு அப்புறம் காதைச் சொறிய ஆரம்பிச்சான். அப்புறம் முன்னங்கால் பாதத்தை நக்கி நக்கி முடியெல்லாம் செம்பட்டையா ஆயிடுச்சு. பொங்கல் வரும்போது வயித்துக்குக் கீழ தோல் சிவந்து முடி கொட்டிப் போச்சு. ராத்திரி அவன் சொறியும்போது கழுத்துப் பட்டை குலுங்குற சத்தத்துல வீட்டுல யாருக்கும் தூக்கம் கிடையாது.

எங்க பக்கம் அரிப்புன்னா முதல்ல சந்தேகப்படுறது காத்தைத்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்து படிஞ்சது, அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துல எழுந்து ஓடினது, இதெல்லாம் பார்த்தவங்க நாங்க. அதனால நைனா "கம்பெனி காத்துடா, மனுசனுக்கே ஒத்துக்கல, நாய்க்கு மட்டும் ஒத்துக்குமா"ன்னு முடிச்சுட்டார். அண்ணன் ஒத்துக்கல. அவன் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்கிறான், கூட வேலை செய்றவங்க நாலு பேர் நாய் வளர்க்கிறாங்க. அவங்க சொன்ன கடைக்குப் போயி 10 கிலோ மூட்டை ஒண்ணு தூக்கிட்டு வந்தான். விலை 7,000 ரூபாய்க்கு மேல. எங்க வீட்டு ஒரு மாச மளிகையை விட அதிகம்.

மூட்டையை இறக்கி வச்சுட்டு அவன் ஆயாகிட்ட சொன்னது இதுதான்: "இனிமே இவனுக்கு சோறு போடாத ஆயா. சோத்தாலதான் இப்படி ஆச்சு."

ஆயா காசிமேட்டுல முப்பது வருஷம் மீன் வித்தது. கூடையில மிஞ்சுற காரப்பொடி, சங்கரா தலை எல்லாத்தையும் மஞ்சள் மட்டும் போட்டு வேகவச்சு, முள்ளை எடுத்துட்டு சோத்துல பிசைஞ்சு வைக்கும். வீட்டு நாய், தெரு நாய்னு கணக்கு கிடையாது. "நாய்ன்னா சோறு துன்னாம இன்னாடா துன்னும்?"னு அன்னைக்கு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு. ராத்திரி நான் படிச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து வேற மாதிரி கேட்டுச்சு. "அப்போ மணிக்கு நான் போட்டதும் தப்பா கண்ணு? அதுவும் கடைசில சொரிஞ்சிகினேதானே போச்சு."

மணி ராக்கிக்கு முன்னாடி இருந்த நாய். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது செத்துப்போச்சு. மறுநாள்ல இருந்து ஆயா ராக்கி தட்டைத் தொடல. அவன் அடுப்படி வாசல்ல போயி நிப்பான். ஆயா முகத்தைத் திருப்பிக்கும்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங், கால்நடை மருத்துவம் இல்ல. ஆனா ஒரு பேப்பரை எடுத்து வச்சுப் படிக்கிறதுக்கு நாலு வருஷமா பழகியிருக்கோம்ல. ஆயா கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் வேணும்னுதான் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். உணவு அலர்ஜின்னா உடம்போட எதிர்ப்பு சக்தி, சாப்பாட்டுல இருக்கிற ஏதோ ஒரு புரோட்டீனை எதிரின்னு நினைச்சு சண்டை போடுறது. அந்தப் புரோட்டீன் கறியிலயும் இருக்கலாம், பால்லயும் இருக்கலாம், கோதுமையிலயும் இருக்கலாம். 'தானியம்'ங்கிறது நம்ம மளிகைக் கடைப் பிரிவு. நாயோட எதிர்ப்பு சக்திக்கு அந்தப் பிரிவெல்லாம் தெரியாது.

2016-ல முல்லர், ஒலிவ்ரி, பிரெலோன்னு மூணு பேர், அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு போட்டாங்க. எது ஒத்துக்கலன்னு சரியா சோதிச்சுக் கண்டுபிடிக்கப்பட்ட 297 நாய்கள். அதுல மாட்டுக்கறி ஒத்துக்காதது 34 சதவீதம். பால் பொருள் 17. கோழிக்கறி 15. கோதுமை 13. ஆட்டுக்கறி 5. அரிசி எல்லாம் பட்டியலோட அடியில, ரொம்பக் கொஞ்ச நாய்களுக்குத்தான்.

இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு எங்க ஏரியா நாய்த் தட்டுதான் ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை புளியந்தோப்பு பக்கம் இருந்து வர்ற மாட்டுக்கறித் துண்டு, காலையில பால், வாரம் முழுக்க கறிக்கடையில கிலோ கணக்குல அள்ளிக் கொடுக்கிற கோழித் தோலும் கழுத்தும். சாயங்காலம் டீக்கடைப் பொறை, அதுல கோதுமை. பட்டியல்ல இருக்கிற முதல் நாலும் தினமும் உள்ள போகுது. அடியில இருக்கிற சோத்தை மட்டும் நிறுத்தச் சொல்றாங்க. (இந்த 297 நாய்ல பெரும்பாலானவை வெளிநாட்டு நாய்கள், அங்க நாய் எதை அதிகமா சாப்பிடுதோ அதுதான் பட்டியல்ல மேல வரும். அதனால இதை அப்படியே காலடிப்பேட்டைக்குப் பொருத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மாடும் பாலும் கோழியும் இங்கயும் குறைவா ஒண்ணும் போகல.)

தானியம் ஒத்துக்காத நாயே கிடையாதுன்னு சொல்ல வரல. கோதுமைக்கு 13 சதவீதம் இருக்குதே. ஐரிஷ் செட்டர்னு ஒரு இனம், அதுல சில குடும்பங்களுக்குப் பரம்பரையாவே கோதுமைல இருக்கிற குளூட்டன் ஒத்துக்காது. அந்த நாய்க்குக் கோதுமையை நிறுத்துறதுதான் சரி. அதுக்காக அரிசியையும் கேழ்வரகையும் சேர்த்து நாடு கடத்தணும்னு ஒண்ணும் இல்ல.

அப்புறம் அண்ணன் வாங்கின மூட்டையைத் திருப்பி, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சேன். முதல்ல கோழி. அடுத்தது காய வச்ச கோழிப்பொடி. அப்புறம் பட்டாணி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, கோழிக் கொழுப்பு. தானியம் இல்லைங்கிறது உண்மைதான். ஆனா ராக்கி பிறந்ததுல இருந்து சாப்பிட்ட அதே கோழி அதுக்குள்ள உக்காந்திருக்கு.

இன்னொண்ணும் நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்குப் புரியும். இந்த உருண்டையை எக்ஸ்ட்ரூடர்லதான் செய்றாங்க. மாவைச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரு ஓட்டை வழியா தள்ளுவாங்க, வெளிய வரும்போது நீராவி வெளியேறி உப்பிக்கும். நம்ம குர்குரே வர்ற அதே வழி. இதுக்கு மாவுச்சத்து வேணும், இல்லன்னா உருண்டை நிக்காது. அரிசியை எடுத்தா அந்த இடத்துல பட்டாணியோ கிழங்கோ வந்தே ஆகணும். 'கிரெய்ன் ஃப்ரீ'ன்னா மாவுச்சத்தே இல்லன்னு நினைச்சு வாங்குறவங்க நிறைய பேர், எங்க அண்ணன் உள்பட.

சரி, தானியத்து மேல இந்தக் கெட்ட பேர் எப்படி வந்துச்சு? ஒரு காரணம் 2007. அந்த வருஷம் அமெரிக்காவுல நாய், பூனைக்கு சிறுநீரகம் கெட்டுப்போய் சாவு வந்துச்சு. பெரிய பெரிய பிராண்டெல்லாம் மூட்டை மூட்டையா திரும்ப வாங்கினாங்க. சீனாவுல இருந்து வந்த கோதுமை குளூட்டன்ல மெலமைன் கலந்திருந்தது. ஏன் மெலமைன்? லேப்ல நாம செய்ற ஜெல்டால் முறை நேரா புரோட்டீனை அளக்கிறது இல்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்கி "இவ்வளவு புரோட்டீன்"னு சொல்லும். மெலமைன்ல நைட்ரஜன் ஏகத்துக்கு இருக்கு. அதைக் கலந்தா மட்டமான சரக்கு கூட டெஸ்ட்ல உயர்தரமா தெரியும். ஏமாத்தினது மனுஷங்க. ஆனா ஜனங்க மனசுல பதிஞ்சது "கோதுமை குளூட்டன்"ங்கிற வார்த்தை. அதே காலத்துல மனுஷங்க மத்தியிலயும் குளூட்டன் வேணாம்னு ஒரு அலை. ரெண்டும் சேர்ந்து நாய்த் தட்டுக்கு வந்துடுச்சு.

இன்னொரு வாதம், "நாய் ஓநாய்ல இருந்து வந்தது, ஓநாய் சோறா சாப்பிடுது?" மூட்டை மேலயே பனிமலை, ஓநாய்னு படம் போட்டிருந்தாங்க. ராக்கி அந்தப் படத்தைப் பார்த்துக் குரைச்சான்.

இதுக்குப் பதில் ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்துல இருந்து 2013-ல வந்துச்சு. எரிக் ஆக்செல்சன் குழு, 12 ஓநாய், 60 நாய் மரபணுவை ஒப்பிட்டு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்சைமுக்கான ஒரு ஜீன், ஓநாய்கிட்ட ரெண்டு பிரதிதான் இருக்கு. நாய்கிட்ட 4-ல இருந்து 30 வரைக்கும். மனுஷன் பயிர் வச்சு ஊர் கட்டி உக்காந்தப்போ, மிச்சம் மீதி சாப்பிட்டுச் செரிக்க முடிஞ்ச நாய்ங்கதான் அவன் கூடவே நல்லா வாழ்ந்துச்சுங்கன்னு அவங்க விளக்கம். எல்லா இனத்துக்கும் ஒரே அளவு கிடையாது. பனிப்பிரதேச ஹஸ்கிக்கும் ஆஸ்திரேலிய டிங்கோவுக்கும் பிரதி குறைவு. பக்கத்துத் தெரு தம்பி இதை ஞாபகம் வச்சுக்கலாம், ஆனா அதுவும் செரிமானக் கணக்கு, அலர்ஜிக் கணக்கு இல்ல.

இதை ஆயாகிட்ட சொன்னேன். "நாய் நாயா ஆனதே நம்ம சோத்தைத் துன்னுதான் ஆயா." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ ஏன்டா சொரியுது?"னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி.

மூட்டை ஆறு வாரம் ஓடுச்சு. அரிப்பு அப்படியே இருந்துச்சு. அண்ணன் அடுத்த மூட்டைக்கு சீட்டுப் பணத்தை எடுக்கலாமான்னு யோசிச்சான், "உடம்புல ஊறுறதுக்கு மூணு மாசம் ஆகும்"னு கடைல சொன்னாங்களாம். அப்போதான் நான் அந்த இன்னொரு விஷயத்தை அவன்கிட்ட காட்டினேன். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா ரெண்டு பக்கமும் மிகைப்படுத்துறவங்க இருக்காங்க.

நாய்க்கு டைலேட்டட் கார்டியோமயோபதின்னு ஒரு இதய நோய் வரும். இதயத் தசை மெலிஞ்சு, அறைகள் வீங்கிப் பெருசாகி, பம்ப் பண்ற பலம் குறைஞ்சுடும். நம்ம பாஷையில, கேஸிங் பெருசாகி ஹெட் இறங்கிப் போன பம்ப். டோபர்மேன் மாதிரி சில இனங்களுக்கு இது பரம்பரையா வரும். அப்படி வர வாய்ப்பு கம்மியான இனங்கள்லயும் வர ஆரம்பிச்சதுன்னு இதய மருத்துவர்கள் சொன்னதால, 2018 ஜூலையில அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விசாரணையை அறிவிச்சது. 2019 ஜூன்ல கணக்கு வெளியிட்டாங்க: 2014 ஜனவரியில இருந்து 2019 ஏப்ரல் வரைக்கும் 524 ரிப்போர்ட். அதுல சொல்லப்பட்ட உணவுகள்ல 90 சதவீதத்துக்கு மேல கிரெய்ன் ஃப்ரீ. 93 சதவீதத்துல பட்டாணியோ மசூர் மாதிரி பருப்போ இருந்துச்சு.

இதை வச்சு "கிரெய்ன் ஃப்ரீ போட்டா ஹார்ட் அட்டாக்"னு வீடியோ போடுறவங்களும் இருக்காங்க. அப்படியும் இல்ல. இது ஜனங்களும் டாக்டர்களும் தானா அனுப்பின ரிப்போர்ட். பயம் பரவும்போது ரிப்போர்ட்டும் கூடும். 2022 டிசம்பர்ல எஃப்.டி.ஏ., இதுவரைக்கும் வந்தது 1,382, உணவுதான் காரணம்னு நிறுவ இந்த எண்ணிக்கை மட்டும் போதாது, புதுசா உருப்படியான அறிவியல் தகவல் வந்தா மட்டும் இனி அறிவிப்போம்னு சொல்லி நிறுத்திடுச்சு. தானியம் இல்லாததாலயா, பட்டாணி அதிகமா சேர்ந்ததாலயா, டாரின்ங்கிற சத்துக் குறைவாலயான்னு இன்னும் முடிவாகல. உணவை மாத்தினதும் சில நாய்களுக்கு இதயம் தேறியிருக்குன்னும் மருத்துவர்கள் எழுதியிருக்காங்க.

நான் அண்ணன்கிட்ட சொன்னது இவ்வளவுதான்: பலன் உறுதி இல்ல, ஆபத்து சின்னதா ஒரு சந்தேகமா இருக்கு, விலை 7,000. இந்த மூணையும் ஒரே தாள்ல எழுதிப் பாரு. அவன் கொஞ்சம் கோவமாத்தான் இருந்தான். நாய் மேல பாசத்துல செஞ்சதை யாரோ கணக்கு போட்டுக் காட்டினா யாருக்கும் கோவம் வரும்தானே.

மார்ச்ல ஆட்டோ பிடிச்சு வேப்பேரிக்குப் போனோம். 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி அது, வடசென்னைக்காரங்களுக்கு நாய்னா வேப்பேரிதான். அங்க டாக்டர் மேடம் சாப்பாட்டைப் பத்தி முதல்ல பேசவே இல்ல. சீப்பு வச்சு வாரி தெள்ளுப்பூச்சி, உண்ணி பார்த்தாங்க. தோலைச் சுரண்டி சொறிப்பூச்சி இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. காதுல இருந்து எடுத்ததுல ஈஸ்ட் இருந்துச்சு. முதல்ல இதுக்கு மருந்து, ஷாம்பு, உண்ணிக்கு மருந்து. ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. மருத்துவர்கிட்ட வர்ற நாய்கள்ல மொத்தமா பார்த்தா 1-ல இருந்து 2 சதவீதத்துக்குத்தான் உணவு அலர்ஜி. அரிப்போட வர்ற நாய்களை மட்டும் எடுத்தா அது கணிசமா கூடும். அப்பவும் உண்ணியையும் பூச்சியையும் தள்ளி வச்சுட்டுத்தான் சாப்பாட்டுக்கு வரணும்.

ஒரு மாசத்துல அரிப்பு பாதி குறைஞ்சுது. மீதி பாதிக்குத்தான் எலிமினேஷன் டயட். ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமான்னு அண்ணன் கேட்டான். உணவு அலர்ஜிக்கு ரத்தம், எச்சில், முடி டெஸ்ட் எல்லாம் நம்ப முடியாது, சாப்பிட வச்சுப் பார்க்கிறது ஒண்ணுதான் வழின்னு சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் அந்த நாய் சாப்பிடாத ஒரு கறி, சாப்பிடாத ஒரு மாவுப்பொருள். எட்டு வாரம். எட்டு வாரத்துல உணவு அலர்ஜி இருக்கிற நாய்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தெரிஞ்சுடும். இடையில ஒரு பிஸ்கட் துண்டு கூடாது, சுவை சேர்த்த மாத்திரை கூட கூடாது.

ராக்கி சாப்பிடாத கறின்னு யோசிச்சா பெரிய பிரச்சனை. கோழி, மாடு, ஆடு, மீன், இறால், நண்டு, கருவாடு எல்லாம் பார்த்த நாய் அது. கடைசியில மிஞ்சினது பன்றி. எங்க வீட்டுல பன்றிக்கறி ஏறினதே இல்ல. மாவுப்பொருளுக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சத்துக் குறையாம இருக்க ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தாங்க. பெரம்பூர் பக்கம் போயி கறி வாங்கிட்டு வந்து நான் வாசல்லயே நின்னேன், உள்ள எப்படிக் கொண்டு போறதுன்னு. ஆயா எழுந்து போயி பின்னாடி துணி துவைக்கிற கல்லுகிட்ட பழைய அடுப்பை வச்சு, உடைஞ்ச கைப்பிடி குண்டான் ஒண்ணை எடுத்து வச்சுச்சு. "ஊட்டு ஏனத்துல வேணாம். இதுல ஆக்கு." ரெண்டாவது நாள்ல இருந்து அதுவே ஆக்கிச்சு. மூணு மாசம் கழிச்சு ராக்கி தட்டை ஆயா கையில எடுத்தது அன்னைக்குத்தான்.

சோதனை ஆரம்பிச்சது ஏப்ரல் மூணாவது வாரம். இது தானா அமைஞ்ச வசதி: ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. எங்க தெருவுல மீன் தலையும் செதிலும் கீழ கிடக்கிறது ரொம்பக் குறையும். மத்த மாசத்துல ராக்கியை வாக்கிங் கூட்டிட்டுப் போனா பத்தடிக்கு ஒரு தடவை வாயைத் திறந்து பார்க்கணும். எதிரி மீன் இல்ல, தெரு ஜனங்கதான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும், எல்லார் கையிலயும் ஏதோ ஒண்ணு இருக்கும். கழுத்துப் பட்டையில "எனக்கு எதுவும் தராதீங்க"ன்னு ஒரு அட்டை மாட்டினேன். மூணாவது வாரம் நைனாவே பொறை ஊட்டுறதைப் பிடிச்சேன். "பாதிதான்டா குடுத்தேன்"னார்.

தினமும் ராத்திரி அரிப்புக்கு 0-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு எக்செல்ல ஏத்தினேன். ஆரம்பத்துல 5. நாலாவது வாரம் வரைக்கும் பெருசா மாற்றமே இல்ல, அண்ணன் சிரிச்சான். ஆறாவது வாரம் 3. எட்டாவது வாரம் முடியும்போது 1, சில நாள் 2. வயித்துல முடி முளைச்சிருந்தது.

குறைஞ்சது மட்டும் போதாது, பழையதைத் திரும்பக் கொடுத்து அரிப்பு திரும்ப வருதான்னு பார்த்தாதான் நிரூபணம். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், ரெண்டு வாரம். ஆயா கேட்டுக்கிட்டபடி முதல்ல சோறு. நாங்க சாப்பிடுற அதே அரிசி, அதே பானை. முதல் வாரம் முழுக்க ஆயா காலையில எழுந்ததும் ராக்கியோட வயித்தைப் புரட்டிப் பார்க்கும். 1. 1. 2. 1. பதினாலு நாளும் அப்படியே ஓடிச்சு.

அடுத்தது கோழி. மூணாவது நாள் காதைச் சொறிஞ்சான். அஞ்சாவது நாள் மார்க் 6, பாதத்தை நக்கி ரத்தம். அன்னைக்கே நிறுத்திட்டோம். அடங்க பத்து நாள் ஆச்சு. அண்ணன் மொட்டை மாடிக்குப் போயி, மூட்டையில மிச்சம் இருந்ததை எடுத்து அந்தப் பொடி எழுத்தை இன்னொரு தடவை படிச்சான். ஒண்ணும் சொல்லல.

ஆகஸ்ட்ல மீன். எதுவும் ஆகல. ஆயா அன்னைக்கு காரப்பொடி வாங்க நைனாவை அனுப்பாம தானே காசிமேட்டுக்குப் போச்சு.

இதை வச்சு ஆயா சோறுதான் உலகத்துலயே சிறந்த நாய் சாப்பாடுன்னு நான் எழுதினா அது பொய். மீன் சோறு மட்டுமே வருஷக்கணக்கா போட்டா கால்சியத்துல இருந்து பல சத்து சரியா கிடைக்காது. அதுக்கு அளவு கேட்டு வாங்கியிருக்கோம், பவுடர் தொடருது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு நாய்க்கு விஷம், அதை யாரும் ஊத்தக் கூடாது. நம்ம ஹாஸ்டல் நாய்ங்களுக்கு மெஸ் சாம்பாரை ஊத்துறவங்களுக்கும் இதே சேதிதான். கோழி ராக்கிக்கு ஆகாது, உங்க நாய்க்கு அது ஒண்ணுமே செய்யாம இருக்கலாம்.

அரிப்பும் மொத்தமா போயிடல. செப்டம்பர் மழை ஆரம்பிச்சதும் சாப்பாடு எதுவும் மாறாமலே காது மட்டும் திரும்ப ஆரம்பிச்சது. சுத்துப்புறத்துல இருக்கிற தூசிப்பூச்சி, பூஞ்சை மாதிரி விஷயங்களாலயும் இவனுக்கு அலர்ஜி இருக்கலாம், பல நாய்க்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும்னு டாக்டர் மேடம் சொல்றாங்க. நைனா "நான் அப்பவே சொன்னேன்ல, காத்து"ன்னு ஒரு வாரம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். தூசிப்பூச்சின்னு நான் சொன்னதை அவர் காதுல வாங்கிக்கல.

மணிக்கு என்ன வந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அந்த நாயை அப்போ யாரும் எந்த டாக்டர்கிட்டயும் காட்டல. அது 13 வருஷம் இருந்துச்சு, சோத்தாலதான் போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் இல்லன்னு ஆயாகிட்ட சொன்னேன். "பதிமூணு வருசமா இருந்துச்சு?"னு திரும்பக் கேட்டுச்சு. விரல் விட்டு எண்ணிப் பார்த்துச்சு, நான் அஞ்சாவது படிக்கும்போது, அண்ணன் காது குத்தும்போதுன்னு. கணக்கு சரியா வந்துச்சு.

இன்னும் பாலும் மாட்டுக்கறியும் முட்டையும் சோதிக்க வேண்டியிருக்கு. இந்த மாசம் முட்டை ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். பட்டாசு சத்தத்துல அவன் வேற எதுக்கோ சொறிஞ்சா உன் கணக்கு கெட்டுப் போயிடும், தீபாவளி முடியட்டும்னு ஆயா சொல்லிடுச்சு.